பன்னிரண்டாம் வாரத்துத் தண்ணீர்

வேண்டாங்க, பை என் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் இறங்கும்போது மறந்துவிடுவேன். கனமெல்லாம் இல்லை. ஒரு துண்டு, ஒரு சட்டை, ஒரு ரெக்கார்டு நோட்டு. அவ்வளவுதான்.

நீங்கள் கரூரா? நான் திருச்சியில் மாறி, மயிலாடுதுறையில் மாறி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கடலோரம் போக வேண்டும். ஊர்ப் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. நேற்று திருப்பூர் வந்தேன், ஒரு மாணவியைப் பார்க்க. சொந்தக்காரப் பெண் இல்லை, மாணவிதான். முப்பத்தோரு வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தேன். போன மே மாதம் ஓய்வு. ஓய்வு பெற்ற வாத்தியார் யாராவது சொந்தக் காசில் இவ்வளவு தூரம் வந்து மாணவிக்கு ஒரு சான்றிதழைக் கொடுப்பாரா, சொல்லுங்கள். நான் வந்தேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். இருந்தாலும் கையில் கொடுத்தால்தான் மரியாதை.

மாவட்ட அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசுங்க. எங்கள் பள்ளிக்கு அதுதான் முதல் தடவை. எதற்குக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? ராக்கெட்டா, ரோபோவா? தோட்டத்துக்கு!

ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தது. உடைந்த பெஞ்சு போடுகிற இடம். புத்தகத்தில் இருப்பதை மண்ணில் காட்டினால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. பன்னிரண்டு பாத்தி போட்டோம். பாத்திக்கு ஒரு பலகை, பலகைக்கு ஒரு சமன்பாடு. சத்துணவில் தினம் முட்டை போடுகிறார்கள் அல்லவா, அந்த ஓடுகளையெல்லாம் வாங்கி இடித்து வைத்தோம். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். புளித்த மண்ணில் போட்டால் புளிப்பை முறிக்கும். செம்பருத்திப் பூவைத் தாளில் தேய்த்துக் காய வைத்தால் லிட்மஸ் மாதிரி வேலை செய்யும். எலுமிச்சைச் சாறு பட்டால் சிவக்கும், சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சை. பிளஸ் ஒன் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். "சார், என் எச்சிலு என்ன கலருன்னு பாக்கவா?" என்று ஒருத்தி. "ஒன் எச்சிலுக்குத் தாளே கருகிடும்டி" என்று இன்னொருத்தி. முப்பத்தோரு வருஷத்தில் அந்த ஒரு வருஷம்தான் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் வகுப்பை விட்டுப் போகாமல் நின்றார்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

அதில் ஒருத்திதான் சங்கவி. மெலிந்த பெண். முதல் பெஞ்சும் இல்லை, கடைசிப் பெஞ்சும் இல்லை. அவள்தான் கேட்டாள், "மண்ணைப் பாக்குறோம், தண்ணியப் பாக்க வேணாமா சார்?"

நல்ல கேள்வி. நானே பாராட்டினேன். தோட்டத்துக்கு அடிபம்புத் தண்ணீர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா கலியமூர்த்தியின் கொல்லை. கொல்லை என்றால் எங்கள் பக்கம் புஞ்சை நிலம். அதற்கும் ஒரு போர்க் கிணறு. இரண்டும் ஒரே தண்ணீர். அந்தப் பெண்ணுக்கு அதுதான் மனதில் இருந்திருக்கும்.

தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லைங்க. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட் விட்டால், உப்புக்குத் தக்கபடி வெள்ளையாகத் திரியும், தயிர் மாதிரி. எல்லாத் தண்ணீரிலும் கொஞ்சம் திரியும். எவ்வளவு என்று எப்படி அளப்பது? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு தாளில் கருப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் குழாயை வைத்து, மேலேயிருந்து பார்ப்பாள். குறி தெரிகிறதா, மங்குகிறதா, மறைகிறதா. திங்கட்கிழமைதோறும் அதே நேரம், அதே அளவு. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகத்தான். சில்வர் நைட்ரேட் பட்டால் தோல் கருக்கும், ஒரு வாரம் போகாது. அவள் விரல் நுனி எப்போதும் கருப்பாகவே இருக்கும். பிள்ளைகள் "தண்ணி டாக்டர் வர்றாங்க, வழி விடுங்கடி" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

சில்வர் நைட்ரேட் விலை என்ன தெரியுமா உங்களுக்கு? வெள்ளிங்க அது. நான் கொடுத்தேன். பன்னிரண்டு வாரமும் கொடுத்தேன். இதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

முதல் வாரம் குறி தெரிந்தது. ஐந்தாம் வாரம் மங்கல். ஒன்பதாம் வாரம் உற்றுப் பார்த்தால் உண்டு. எழுதி வைத்திருக்கிறாள். கிழக்கே இறால் குட்டைகள் வந்து ஆறேழு வருஷம் ஆகிறது, கடல் தண்ணீரை உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதையும் எழுதியிருந்தாள், படம் போட்டு, அம்புக்குறி போட்டு. பள்ளிக்கூட விஷயம் பள்ளிக்கூடத்தோடு இருக்க வேண்டாமா?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வகப் பழக்கம் உங்களுக்குத் தெரியாது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஆளுக்கொரு பொட்டலம் உப்பு கொடுப்போம். என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். தாளில் மூன்று கட்டம்: சோதனை, காண்பன, அறிவன. என்ன செய்தாய், என்ன பார்த்தாய், அதிலிருந்து என்ன தெரிந்தது. பொட்டலம் கொடுக்கும்போதே எங்கள் ஆய்வக உதவியாளர் வைத்தி விரலைக் காட்டிவிடுவான். ஒரு விரல் கார்பனேட், இரண்டு விரல் குளோரைடு, மூக்கைச் சொறிந்தால் அம்மோனியம். பிள்ளைகள் அறிவனவை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தக்கபடி காண்பனவை நிரப்புவார்கள். எங்கள் பள்ளி மட்டும் அப்படி என்று நினைக்காதீர்கள். யாருக்கு என்ன நஷ்டம்? தேர்வு முடிந்ததும் அந்த உப்பைத் தொட்டியில் கொட்டிவிடப் போகிறோம். முப்பத்தோரு வருஷத்தில் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளைகூட உப்பைத் தவறாக எழுதியதில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் நான் சொன்னேன். வேறு கெட்ட எண்ணம் எனக்கு இல்லை.

கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அறிவனவுல என்னம்மா எழுதியிருக்க?"

"பாத்ததைத்தான் சார் எழுதினேன்."

"பாத்ததையெல்லாம் எழுத இது டைரியா? தலைப்பு என்ன? 'நிலைத்த வேளாண்மைக்குப் பள்ளித் தோட்டம் ஒரு வழிகாட்டி'. வழிகாட்டித் தோட்டத்துல தண்ணி உப்புன்னா நடுவர் என்ன கேப்பாரு?"

"ஏன் உப்பாச்சுன்னு கேப்பாங்க சார். அதுக்கும் எழுதி வச்சிருக்கேன்."

வைத்தி சிரித்துவிட்டான். "நல்லா மாட்டினீங்க சார்" என்றான்.

நான் கோபப்படவில்லை. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தை அதட்டவில்லை. "வேற நோட்டுல நீட்டா எழுதிக் கொண்டா. பன்னெண்டு வாரமும் குறி தெரியுதுன்னு இருக்கட்டும்" என்றேன். பொய் எழுதச் சொல்லவில்லை. திருத்தி எழுதச் சொன்னேன்.

அவள் போகாமல் நின்றாள். "சார், இதே தண்ணிதான் எங்க கொல்லைக்கும். அங்க நின்ன சவுக்கு மரத்தை வெட்டியாச்சு. அப்பா மொளகா வைக்கிறதா இருக்காங்க."

"ஒங்கப்பா பொறந்ததுலேருந்து விவசாயம் பாக்குறவரு. நாக்குல வச்சா அவருக்குத் தெரியாதா?"

"இந்த அளவு உப்பு நாக்குக்குத் தெரியாது சார். செடிக்குத்தான் தெரியும். நீங்கதான் சொன்னீங்க."

நான் சொன்னதுதான். வகுப்பில் சொன்னது.

இரண்டு நாளில் புது நோட்டு எழுதிக் கொண்டுவந்தாள். அழகான கையெழுத்து. பழைய நோட்டையும் சேர்த்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அந்த முறுக்கு இருக்கும், அது எனக்குப் புதிதில்லை. தோட்டத்து வேலியில் பலகை எழுதி மாட்டினோம்: "இத்தோட்ட நீரின் தரம் நன்று. வேதியியல் துறை." கீழே என் கையெழுத்து. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

செடியெல்லாம் நன்றாக இருந்ததா என்றா கேட்கிறீர்கள்? பிரமாதமாக இருந்தது. ஒன்பதாம் வாரத்துக்குப் பிறகு கீரை கொஞ்சம் ஓரம் கருகியது. வைத்தியிடம் சொல்லி, அடிபம்பை விட்டுவிட்டு, பஞ்சாயத்துக் குழாயிலிருந்து தினம் இருபது குடம் எடுத்து ஊற்றச் சொன்னேன். நடுவர் வருகிற நேரத்தில் செடி வாடி நின்றால் பிள்ளைகளின் உழைப்பு வீணாகிவிடாதா?

பிறகு ஒருநாள் சாயந்திரம் கலியமூர்த்தி வேலிப் பக்கம் வந்து நின்றார். மம்பட்டி தோளில். என்னைப் பார்த்ததும் இறக்கி வைத்தார். மரியாதையான மனிதர்.

"சார், தண்ணி நல்லாருக்குன்னு பலகையில போட்டிருக்காமே. நம்ம போருக்கும் அதானே?"

"செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தண்ணி, அந்தப் பக்கம் ஒரு தண்ணியா ஓடும், கலியமூர்த்தி?"

"இல்ல, பாப்பா என்னமோ சொல்லுது. வெள்ளையா வருதாம்."

"பாப்பா படிக்கிற புள்ள. இன்னும் படிக்கணும்."

அவர் சிரித்துவிட்டார். "நானும் அதான் சார் சொன்னேன். சாரு கையெழுத்தே போட்டிருக்காரு, அவரை விட ஒனக்குத் தெரியுமான்னேன். அழுவுது." பிறகு மண்ணைக் காலால் கிளறிக்கொண்டே சொன்னார். "மறுபடி சவுக்கே போட்டுட்டு, நான் மட்டும் திருப்பூர் போவலாம்னுதான் இருந்தேன். சவுக்கு எந்தத் தண்ணியிலயும் அதும்பாட்டுக்கு நிக்கும். பாப்பாவும் அது அம்மாவும் இங்க இருக்கும், பாப்பா படிப்பை முடிச்சுடும். மொளகா வந்துச்சுன்னா நானும் இங்கயே இருந்துடலாம். அதான் கேட்டேன்."

"இருந்துடுங்க" என்றேன். குடும்பம் சேர்ந்திருப்பது நல்லதில்லையா? நல்ல மனதோடுதான் சொன்னேன்.

சங்கவி அப்போது பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். நிமிரவில்லை.

கண்காட்சியில் அவள் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். குச்சியை வைத்து ஒவ்வொரு படமாகக் காட்டி, தடங்கலே இல்லாமல் சொன்னாள். நடுவர் ஒருவர் கேட்டார், "தண்ணியில உப்பு ஏதும் இருந்துச்சாம்மா?" ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்லை சார். பன்னிரண்டு வாரமும் நன்று" என்றாள். முதல் பரிசு. பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் பாட்டெல்லாம் பாடினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். தூங்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. மழை முடிந்து தை பிறந்ததும் மிளகாய் நாற்று நட்டார்கள். முதலில் ஜோராகத்தான் வந்தது. மாசியில் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. பிறகு பூ கொட்டியது. அவரும் விடாமல் போர்த் தண்ணீரைப் பாய்ச்சினார், வாடுகிறதே என்று. பாய்ச்சப் பாய்ச்ச மோசமாயிற்று. பங்குனியில் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதன் பிறகு அந்த மண்ணில் எதை வைப்பது? உரம் கூடிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம் என்றேன் நானும். கலியமூர்த்தி அளவு பார்த்து உரம் வைக்கிறவர் இல்லை.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த வாரம் மூன்று பேரும் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் பிளஸ் டூவுக்கு வரவில்லை என்று வைத்திதான் போனில் சொன்னான். நான் ஓய்வு பெற்றுவிட்டேனே. அவனும் அடுத்த மாதம் வேறு பள்ளிக்கு மாறிவிட்டான். குழாய்த் தண்ணீர் சுமக்க ஆள் இல்லை. தோட்டமும் போயிற்று. பலகைகள் மட்டும் நிற்கின்றன என்றார்கள்.

சான்றிதழ் ஜூலையில்தான் அச்சாகி வந்தது. அவள் பெயரில். மாவட்டத்தில் எல்லாமே அவ்வளவு சுறுசுறுப்பு. சரி, நாமே போவோம் என்று கிளம்பினேன்.

லைன் வீடுங்க. ஒரே அறை. கலியமூர்த்தி சாயப்பட்டறை வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் நீலம். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "சார் நம்ம வீடு தேடி வந்திருக்காரு பாரு" என்று அவர் மனைவி செல்வராணியிடம் நாலு தடவை சொல்லியிருப்பார். சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாந்தான் சார் கெடுத்துட்டேன்" என்றார். "உரம் கூட வச்சிட்டேன் போலருக்கு. அதே தண்ணியிலதானே ஸ்கூல் தோட்டம் அப்புடி வந்துச்சு? எனக்குத்தான் கைராசி இல்ல. பாப்பா படிப்பும் போச்சு."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்றேன். ஆறுதல் சொல்ல வேண்டும் அல்லவா.

அப்போது சங்கவி ஷிப்ட் முடிந்து வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பா சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும், வாசலில்தான் நின்றாள். அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"நல்ல தண்ணிதான் சார்" என்றாள்.

நான்தான் பேச்சுக் கொடுத்தேன். வேலை எப்படி என்று கேட்டேன். "தப்பு இருந்தா அந்த எடத்துல ஸ்டிக்கர் ஒட்டணும் சார். ஒட்டாம விட்டா மொத்த பண்டலும் திரும்பி வந்துடும்" என்றாள். நல்ல வேலைதான். கவனமான பெண். விரலைப் பார்த்தேன், கருப்பெல்லாம் போய்விட்டது. அடுத்த வருஷம் சேர்ந்து படி என்றேன். "பாக்கலாம் சார்" என்றாள்.

ராத்திரி லாட்ஜில் தங்கிவிட்டு, காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், அங்கே நிற்கிறாள். வேலைக்குப் போகிற வழியாம். டிபன் பாக்ஸ் கையில்.

"சார், அந்த மொத நோட்டு இருக்கா?"

"எது?"

"மொதல்ல எழுதினது. பன்னெண்டு வாரமும்."

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். "அதையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டிருப்பாங்களேம்மா. அது எதுக்கு இப்ப?"

"அப்பா தினமும் தன்னைத்தானே திட்டிக்கிறாங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நோட்டு இருந்தா காட்டலாம்னுதான். உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார்."

"இல்லையேம்மா" என்றேன்.

"சரி சார்" என்றாள். என் பையைப் பார்த்தாளோ என்னவோ, தெரியவில்லை. கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

ஆமாங்க. இதுதான். இந்தப் பையில்தான் இருக்கிறது. அவளுக்குக் கொடுக்கத்தான் ஊரிலிருந்து எடுத்து வந்தேன், சத்தியமாக. நேற்று அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோதும் இரண்டு தடவை ஜிப்பைத் திறந்தேன். கலியமூர்த்தி எதிரே உட்கார்ந்திருந்தார். சார், சார் என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்படிக் கொடுப்பது, சொல்லுங்கள்.

கரூர் வந்துவிட்டதா? பாலம் தாண்டுகிறது. உங்களுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கிறது. கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள். எவ்வளவு தெளிவு பாருங்கள். ஓர் அடித்தல் கிடையாது. கடைசிப் பக்கம் இது. கண்ணாடி இல்லாமல் எனக்கு முடியாது, நீங்களே படியுங்களேன்... கொடுங்கள், நானே சொல்கிறேன். எனக்குப் பார்க்க வேண்டியதில்லை.

"பன்னிரண்டாம் வாரம். காண்பன: குறி முழுவதும் மறைந்தது. அறிவன: இந்த நீர் மிளகாய்க்கு ஆகாது. அப்பாவிடம் சொல்ல வேண்டும்."

கீழே சிவப்பு மையில் இருப்பதா? அது அவள் எழுத்து இல்லை.

"மீண்டும் எழுதுக."

தேதியும் இருக்கும், பாருங்கள். கையெழுத்தும்.